வேலூரிலிருந்து மலாவிக்கு: வார்டில் கை வைப்பதற்கு முன்

காலை ஏழு மணிக்கு வேலூர் காந்தி ரோட்டில் நின்றால், கையில் ஃபைலும் தோளில் பையுமாக, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பங்கள் லாட்ஜுகளிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்கலாம். ஆட்டோக்காரர் இந்தியில் பேசுவார், சாப்பாட்டுக் கடையின் பலகை வங்காளத்தில் இருக்கும். இருந்தும் அவர்கள் முகத்திலிருக்கும் தவிப்பு போகாது. எந்த கவுன்டர், எந்த வரிசை, சிஸ்டர் சொன்னது நாளைக்கா நாளன்னைக்கா, டாக்டர் ஏன் உதட்டைப் பிதுக்கினார் என்று எல்லாமே அவர்களுக்குப் புதிர். தன்னார்வ மருத்துவப் பணிக்காக ஆப்பிரிக்க நாடான மலாவிக்குப் போகிற வேலூர் நர்ஸுக்கும் டாக்டருக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் முதல் மாதம் இதே நிலைதான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குவது மட்டும்தான் வித்தியாசம்.

வேலூரில் கிடைக்கும் பயிற்சி நல்ல பயிற்சி. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தப் பயிற்சி நம் ஊர் லேப், நம் ஊர் ஐ.சி.யூ., நம் ஊர் நோய்கள் ஆகியவற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு கற்றது. அவை இல்லாத இடத்தில் அதே கை அதே வேலையைச் செய்தால் சில சமயம் நோயாளிக்குக் கெடுதலாகவே முடியும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, இதற்கு ஆதாரம் உண்டு. கீழே வருகிறது. அதற்கு முன் கிளம்புகிற வேலை.

கிளம்புவதற்கு எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். காரணம் ஹெபடைடிஸ் பி ஊசி. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ், கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும். 10-க்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும். "காலேஜில் போட்டாச்சு" என்று சொல்பவர்களில் பலர் மூன்றாவது டோஸை விட்டிருப்பார்கள், அல்லது அளவு பார்த்தே இருக்க மாட்டார்கள். வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பாக 0, 7 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி. கடிபட்ட பிறகு இம்யூனோகுளோபுலின் தேடி ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு ஓடும் நிலையை இது தவிர்க்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குச் சென்னைதான் போக வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். உடைத்த குப்பியை ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் ஆட்களைச் சேர்த்துக் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். நாளை உறுதிசெய்துகொண்டு, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு காட்பாடியில் ரயிலேறுங்கள். மலாவி மஞ்சள் காய்ச்சல் நாடு அல்ல, பிறகு எதற்கு என்று கேட்கலாம். விமானம் பெரும்பாலும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகிறது. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. திரும்பி வரும்போது ஊசி போட்டதற்கான அட்டை இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இந்திய அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் சொல்லாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. அம்மை ஊசியும் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விடுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நர்ஸ்களுக்குச் சாந்தோமில் உள்ள தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலிலிருந்தும், டாக்டர்களுக்கு அரும்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கவுன்சிலிலிருந்தும் நன்னடத்தைச் சான்று வேண்டும். போலீஸ் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வரும். இவை சில மாதங்களே செல்லும் என்பதால் ரொம்பச் சீக்கிரம் வாங்கினாலும் வீண். கல்விச் சான்றிதழ்களுக்கு முதலில் மாநில அரசின் சான்று, அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்ற அங்கீகார முத்திரை. இந்த முத்திரையை ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் மலாவி இருப்பதால் தூதரக முத்திரை தனியாக வேண்டாம். அங்கே போனதும் மலாவியின் மருத்துவக் கவுன்சில் அல்லது நர்ஸ்கள் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு முடியும் வரை நோயாளியைத் தொடாதீர்கள். "பரவாயில்லை, உதவிதானே" என்று அங்குள்ளவர்களே சொன்னாலும் தொடாதீர்கள். தப்பு நடந்தால் அந்த ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டிவரும்.

மலேரியாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். நம் ஊரில் மலேரியா என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் 14 நாள், ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். அந்த நினைப்பை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். மலாவியில் இருப்பது ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை. அங்கே பிறந்து வளர்ந்த பெரியவருக்குத் திரும்பத் திரும்ப வந்ததால் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். வேலூரிலிருந்து போன நமக்கு அங்குள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு இருக்கும் எதிர்ப்பு கூட இல்லை. காலையில் காய்ச்சல், மறுநாள் இரவு கோமா என்று போகக்கூடிய நோய் இது. ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக 1993-இல் மலாவி குளோரோகுயினை நிறுத்திவிட்டது. அந்த மாத்திரையைப் பையில் எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

தடுப்பு மாத்திரையில் நமக்குச் சுலபமாகக் கிடைப்பது டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் ஒன்று. கிளம்புவதற்கு ஒரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்து முழுதாக நான்கு வாரம் தொடர வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும், மறுநாள் எச்சில் விழுங்கவே வலிக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது, மருந்து உடம்பில் சேராது. வெயிலில் தோல் எரியும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வாரம் ஒரு தடவை போடும் மெஃப்லோகுயின் வசதிதான், ஆனால் மன அழுத்தமோ வலிப்போ இருந்தவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. தூக்கத்தைக் கெடுக்கும், பயங்கரக் கனவுகள் வரும். வீட்டை விட்டு வந்த மனநிலையில் அது கூடுதல் சுமை. எந்த மாத்திரை போட்டாலும் கொசுவலை கட்டாயம். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகுங்கள். ராத்திரி கையோ முழங்காலோ வலையை ஒட்டி இருந்தால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும்.

மலாவியில் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் ஆர்.டி.டி. அட்டையில் ஒரு பிரச்சினை இருக்கிறது. அது எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைக் கண்டுபிடிக்கிறது, கிருமி செத்த பிறகும் அந்தப் புரதம் சில வாரங்கள் ரத்தத்தில் இருக்கும். போன மாதம் மலேரியா வந்து குணமானவருக்கு இந்த மாதம் டைபாய்டு வந்தாலும் அட்டை பாசிடிவ் காட்டும். வார்டில் குழந்தைகளைப் பார்க்கும்போது இது தினமும் வருகிற சிக்கல். பாசிடிவ் என்று வந்ததோடு நின்றுவிட்டால் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தப்பிவிடும். ஸ்லைடு பார்க்கத் தெரிந்த லேப் ஆளோடு நட்பாக இருங்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமீத்தர்-லுமிஃபான்ட்ரின் மாத்திரை பெரியவர்களுக்கு நான்கு நான்காக ஆறு வேளை, மூன்று நாளில் 24 மாத்திரை. இரண்டாவது வேளை எட்டு மணி நேரத்தில். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உள்ளே சேரும். இரண்டு வாய் கஞ்சியோடு போட்டால் பாதி வீண்.

இனி சாப்பாடு. இதில் வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. மலாவியின் தினசரி உணவான ன்சிமா, வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான். நாம் கேழ்வரகில் கிண்டுகிறோம், அவர்கள் மக்காச்சோளத்தில் கிண்டுகிறார்கள். வெந்நீரில் மாவைத் தூவி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, பானை ஓரத்திலிருந்து விலகி வரும்போது இறக்குகிற பக்குவம் அப்படியே ஒன்று. கையால் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பைத் தொட்டு விழுங்க வேண்டும். சென்னையிலிருந்து போனவர்கள் முதல் வாரம் மென்று மென்று திணறுவார்கள். களி தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தொட்டுக்கொள்ள வருவதை ன்டிவோ என்கிறார்கள். கீரை, பயறு, மலாவி ஏரியில் பிடித்து வெயிலில் காயவைத்த உசிபா என்ற பொடிமீன். உசிபாவைப் புளியில் போட்டுக் கொதிக்கவிட்டால் கருவாட்டுக் குழம்பு தயார்.

புளியையும் துவரையையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகிறவர்கள் இடத்தை வீணாக்குகிறார்கள். துவரையை அதிகம் விளைவித்து இந்தியாவுக்கே ஏற்றுமதி செய்கிற நாடு மலாவி. அங்கே அதன் பெயர் நன்டோலோ. தோலோடு முழுசாகத்தான் சந்தையில் கிடைக்கும், எனவே ராத்திரி ஊறவைத்துக் குக்கரில் கூடுதலாக நான்கு விசில் விட வேண்டும். புளி மரத்துக்கு ப்வேம்பா என்று பெயர். முருங்கை பல இடங்களில் வேலியிலேயே நிற்கும். எடுத்துப்போக வேண்டியது பெருங்காயம், கடுகு, ரசப்பொடி, ஒரு குக்கர், அதற்கு இரண்டு உபரி கேஸ்கட். கேஸ்கட் கிழிந்தால் அதே அளவு அங்கே கிடைக்காது. வார்டு ஊழியர்களுக்கு இனிப்பு கொண்டுபோக நினைத்தால் ஆற்காடு மக்கன் பேடா வேண்டாம். கோவாவும் பாகும் இரண்டு நாள் பயணத்தில் புளித்துவிடும். கடலை மிட்டாய் தாங்கும். முள் கத்திரிக்காய்க்குத்தான் மாற்று கிடையாது, அந்த ஏக்கத்தை ஊர் திரும்பித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய துணியோடு போகாதீர்கள். தலைநகர் லிலோங்வே ஏறத்தாழ ஏலகிரி உயரம், கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். ஜூன், ஜூலை இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். ஸ்வெட்டரும் காலுறையும் வேண்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. குழந்தைகள் வார்டு நிரம்பி வழிவது அப்போதுதான். முதல்முறை போகிறவர்கள் மே, ஜூனில் போய்ச் சேர்ந்தால் மழைக்காலத்துக்கு முன் பழகிக்கொள்ள ஐந்தாறு மாதம் கிடைக்கும். ஜனவரியில் போய் இறங்குகிறவர்கள் வேலையின் நடுவிலேயே விழுகிறார்கள்.

துணி துவைப்பதில் ஒரு எச்சரிக்கை. நிழலில் காயப்போட்ட ஈரத்துணியின் மடிப்பில் டும்பு என்ற ஈ முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் பொரித்த புழு தோலுக்குள் நுழைந்துவிடும். முதலில் கொசுக்கடி போல இருக்கும், ஒரு வாரத்தில் கட்டியாகும். கட்டியின் நடுவில் ஊசி முனை அளவு துளையும், உள்ளே ஏதோ அசைவது போன்ற உணர்வும் இருந்தால் அது டும்புதான். பிதுக்காதீர்கள். புழு உடைந்தால் சீழ் வைக்கும். துளையின் மேல் வாசலினைத் தடிமனாகத் தடவி வையுங்கள். மூச்சுக்காகப் புழு தலையை நீட்டும்போது இருபுறமும் மெல்ல அழுத்தி எடுக்கலாம். வராமல் தடுக்க, எல்லாத் துணிக்கும் சூடான இஸ்திரி போட வேண்டும். பனியன், ஜட்டி, துண்டு, படுக்கை விரிப்பு எதையும் விடக் கூடாது. இடுப்புப் பட்டி, தையல் மடிப்பு, பிராவின் பட்டை ஆகிய இடங்களில் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தி அழுத்துங்கள். முட்டை இருப்பது அங்கேதான். கரண்ட் அடிக்கடி போவதால் கரி போடும் இஸ்திரிப்பெட்டி பல வீடுகளில் இருக்கும். நம் தெருமுனை இஸ்திரி வண்டியில் பார்த்த அதே பெட்டிதான், அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

பாலாற்றில் தண்ணீர் வந்தாலே கால் நனைக்க ஓடுகிற ஊர்க்காரர்கள், கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர்கள், மலாவி ஏரியைப் பார்த்தால் சும்மா இருப்பது கஷ்டம். கரையோர ஆழமில்லாத தண்ணீரில் நத்தைகள் வழியாக பில்ஹார்சியா புழுவின் குஞ்சுகள் நீந்துகின்றன, தோல் வழியாக நுழைகின்றன. நம் ஊரில் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டோம், அதனால்தான் நம் டாக்டர்களுக்கும் சட்டென்று தோன்றாது. இறங்காதிருப்பதே உத்தமம். இறங்கிவிட்டால் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வார்டுக்கு வருவோம். முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியை நடத்துவது பெரும்பாலும் கிளினிக்கல் ஆஃபீசர்கள். எம்.பி.பி.எஸ். அல்ல, தனிப் படிப்பு படித்தவர்கள். சிசேரியன் செய்வார்கள், எலும்பு கட்டுவார்கள், குழந்தைகள் வார்டைத் தனியாளாகப் பார்ப்பார்கள். எம்.டி. முடித்துவிட்டுப் போகிறவர் இவர்களைக் காம்பவுண்டர் போல நடத்தினால் அன்றோடு அவரிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நேருக்கு நேர் சண்டை வராது, மரியாதையாகத் தலையாட்டிவிட்டு விலகிவிடுவார்கள். எந்த மருந்து தீர்ந்துவிட்டது, எந்தச் சிலிண்டர் காலி, எந்தத் தாயைக் கவனிக்க வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணிக்குச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அதனால் முதல் மூன்று வாரம் பாருங்கள், கேளுங்கள், அவர்கள் எழுதுவது போல எழுதுங்கள். நோயாளி கையில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும், ஹெல்த் பாஸ்போர்ட் என்பார்கள். நோயாளியின் முழுச் சரித்திரமும் அதில்தான். அதில் தெளிவாக, சுருக்கெழுத்து இல்லாமல் எழுத வேண்டும். உங்களுக்குப் பிறகு அதைப் படிப்பவர் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுகாதார நிலைய உதவியாளராக இருக்கலாம்.

நல்ல சிகிச்சையே கெடுதலாக முடியும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அது டிரிப் விஷயம். காய்ச்சலும் குளிர்ந்த கைகால்களுமாக ஒரு குழந்தை வந்தால், கிலோவுக்கு 20 மில்லி சலைனை வேகமாக விடுவதுதான் நமக்குப் படிந்த பழக்கம். உகாண்டா, கென்யா, தான்சானியா ஆஸ்பத்திரிகளில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக டிரிப் விட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 100-க்கு 10-க்கு மேல். அப்படி விடாத குழந்தைகளில் 7 சொச்சம். வென்டிலேட்டர் இல்லை, ஐ.சி.யூ. இல்லை, ரத்தச்சோகையோடும் மலேரியாவோடும் வந்த குழந்தைகள். வயிற்றுப்போக்கில் வறண்ட குழந்தைகளும் ஊட்டமில்லாத குழந்தைகளும் அந்த ஆய்வில் இல்லை, அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. வேலூரில் பொறுப்பான நர்ஸ் செய்வதை அங்கே அவசரமாகச் செய்தால் குழந்தையை இழக்க நேரிடும். சுவரில் ஒட்டியிருக்கும் அவர்களுடைய சார்ட்டைப் படியுங்கள். அது பழையது, கிழிந்தது என்று தோன்றலாம். அதில் இருக்கும் எண்கள் அந்த ஊர்க் குழந்தைகளைப் பார்த்து எழுதியவை.

கடும் மலேரியாவோடு நினைவில்லாமல் வரும் குழந்தைக்கு முதலில் சர்க்கரை அளவு பாருங்கள். அளவு குறைந்திருந்தால், அல்லது சர்க்கரை பார்க்கும் அட்டை தீர்ந்து பார்க்கவே முடியாமல் இருந்தால், 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மில்லி. அலமாரியில் 50 சதவீதம்தான் இருக்கும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு ஊசித்தண்ணீர் சேர்த்தால் 10 ஆகிவிடும். நரம்பு கிடைக்கவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் சர்க்கரையை இரண்டு சொட்டுத் தண்ணீரில் நனைத்து நாக்குக்கு அடியில் வையுங்கள். பிறகு மலேரியா ஊசியான ஆர்ட்டிசுனேட். 60 மி.கி. குப்பியில் கூடவே வரும் பைகார்பனேட் 1 மில்லியை விட்டுத் தெளியும் வரை குலுக்கி, அதன்மேல் 5 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10 மி.கி. இருபது கிலோவுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு கிலோவுக்கு 3 மி.கி., மற்றவர்களுக்கு 2.4. முதல் வேளை, 12 மணி, 24 மணி. கலக்கி ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்துவைப்பது வெளியிலிருந்து போகிறவர்கள் சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் தப்பு.

ஆக்சிஜன் சுவரிலிருந்து வராது. கான்சென்ட்ரேட்டர் என்ற பெட்டி காற்றிலிருந்து பிரித்துக் கொடுக்கும். ஐந்து லிட்டர் பெட்டி ஒன்றைப் பிரிப்பான் போட்டு மூன்று நான்கு குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள், பச்சிளங்குழந்தைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் போதும். மீட்டரில் உருண்டை மேலே நிற்கும், பெட்டி ஓடும், குழந்தை நீலமாகவே இருக்கும். அப்போது மூக்குக்குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குமிழி வராவிட்டால் முதல் சந்தேகம் ஈரப்பதப் பாட்டிலின் மூடி. மரை கோணலாக ஏறியிருக்கும், காற்று அந்த இடுக்கில் வெளியே போய்க்கொண்டிருக்கும். கழற்றி, இடப்பக்கமாக அரைச் சுற்று சுற்றி, மரை உட்கார்ந்ததும் வலப்பக்கம் திருகினால் சரியாகிவிடும். பெட்டியின் பின்பக்கத்துப் பஞ்சு ஃபில்டரை வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். கரண்ட் போனால் எந்தக் குழந்தைக்கு முதலில் சிலிண்டர் என்பதை ட்யூட்டி தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் முடிவு செய்யக் கூடாது. நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்று, உபரி பேட்டரியோடு, கட்டாயம்.

பாம்புக்கடியில் வேலூர்க்காரர்களுக்கு அனுபவம் அதிகம், அதனாலேயே கவனம் தேவை. நம் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் விஷம் எடுத்துக் கொடுப்பதும் இந்த நான்குக்குத்தான். ஆப்பிரிக்கப் பஃப் ஆடருக்கும் பிளாக் மாம்பாவுக்கும் அது பயன்படாது, தயவுசெய்து பெட்டியில் எடுத்துப்போகாதீர்கள். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை நார்மல் என்று நிம்மதி அடையவும் கூடாது. மாம்பா கடித்தவருக்கு ரத்தம் ஒழுங்காக உறையும், மூச்சுதான் நிற்கும்.

ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். மலாவியில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 100-க்கு 8 பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. குத்தின இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், பிளீச்சிங் ஊற்றாதீர்கள். தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். அங்கே அதற்கு 13ஏ என்று பெயர், வார்டில் யாரைக் கேட்டாலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்க இதில் ஒன்றுமே இல்லை.

பேச்சுக்கு வருகிறேன். மலாவியில் பேசும் சிச்செவா மொழியில் பெரியவர்களைப் பன்மையில்தான் அழைக்க வேண்டும், நம் 'நீங்கள்' போலவே. ஆங்கிலக்காரர்களுக்குப் புரிய மாதங்கள் ஆகும் இந்த மரியாதை நமக்கு நாக்கிலேயே இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று "ஓடி, ஓடி" என்று குரல் கொடுக்க வேண்டும், திடுதிப்பென்று நுழையக் கூடாது. எதையும் வலது கையால் கொடுத்து, இடது கையால் முழங்கைப் பக்கம் தாங்கிக்கொள்வது மரியாதை. "முலி ப்வாஞ்ஜி" என்று நலம் கேட்டு, பதில் வாங்கி, திருப்பிச் சொல்லி முடித்த பிறகுதான் நோயைப் பற்றிக் கேட்க வேண்டும். நேராக "எங்கே வலி" என்று ஆரம்பித்தால் பாட்டிகள் வாயே திறக்க மாட்டார்கள். ஐம்பது சொல் போதும்: மலுங்கோ என்றால் காய்ச்சல், மலேரியா இரண்டுக்கும் பொது. சிஃபுவா இருமல், முட்டு தலை, மங்க்வாலா மருந்து, பெபானி என்றால் மன்னிக்கவும், ஐயோ பாவம் இரண்டும். 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் சி.எம்.சி.யைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடரிடம் நம் பாட்டிமார் வாய்விட்டுப் பேசியது அவருக்குத் தமிழ் தெரிந்ததால்தான். அந்தக் கடனை வேறு ஊரில் அடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

நோயாளியோடு வந்திருக்கும் உறவினரை கார்டியன் என்பார்கள். அவர்கள் வெளியே கல்லடுப்பு மூட்டிச் சமைத்து ஊட்டுவார்கள், துடைப்பார்கள், துவைப்பார்கள். மருந்து நேரத்தை இவர்களிடம் சொன்னால்தான் மருந்து உள்ளே போகும். குழந்தை இறந்தால் அவர்கள் அழும் முறை நமக்கு அந்நியமில்லை. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நேரத்தில் சார்ட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று இறப்புகள் நடக்கும். அடுத்த நாள் காலை உங்களோடு வேலை செய்த அந்த ஊர் சிஸ்டரிடம் அதைப் பேசுங்கள். வேலூரில் இருப்பவர்களுக்குப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவருக்கு விளக்க வேண்டியதே இல்லை. தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், சாப்பாடு பிடிக்காமல் போனால், பொறுப்பாளரிடம் லீவு கேளுங்கள். மெஃப்லோகுயின் போடுகிறவர்கள் மாத்திரையையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் பேச நல்ல நேரம் அங்கே மாலை ஐந்தரை. மலாவி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அப்போது வேலூரில் ஒன்பது, அம்மா சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருப்பார். ஏர்டெல் அங்கேயும் உண்டு, ஆனால் சிம் வேறு வாங்க வேண்டும். இந்திய சிம்மில் கிளம்புவதற்கு முன்பே ரோமிங் போட்டு வையுங்கள். இல்லையென்றால் பேங்க் ஓ.டி.பி. வராது, ஊரில் தம்பியின் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் தவிப்பீர்கள். பிளக்கில் மூன்று தட்டையான முனைகள், பிரிட்டிஷ் வகை. நம் உருண்டை முனை நுழையாது, அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்கொடை மருந்து எடுத்துப்போவதாக இருந்தால் ஆஸ்பத்திரியிடம் பட்டியல் கேட்டு, போய்ச் சேரும்போது ஒரு வருடமாவது காலம் பாக்கி இருப்பதை மட்டும் எடுத்துப்போங்கள். அங்கே பயன்படாத மருந்தை எரிப்பதும் அவர்களுக்குச் செலவுதான்.

திரும்பி வந்த பிறகும் டாக்சிசைக்ளின் 28 நாள் தொடர வேண்டும். காட்பாடியில் இறங்கியதும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் வருகிறது. மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், டெங்கு சீசனாகவே இருந்தாலும், மலாவியிலிருந்து வந்திருக்கிறேன், ஃபால்சிபாரம் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டர் தானாகக் கேட்க மாட்டார். கேஸ் ஷீட்டில் வேலூர் சத்துவாச்சாரி என்றுதான் விலாசம் இருக்கும். ஏரியில் இறங்கியவர்கள் குறித்து வைத்த தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்து மலம், சிறுநீர், ரத்தம் மூன்றும் பாருங்கள். பில்ஹார்சியாவுக்கு மருந்து பிராசிகுவான்டெல், கிலோவுக்கு 40 மி.கி., ஒரே நாளில். அதற்கு முன்பே போட்டால் வளர்ந்த புழு மட்டும்தான் சாகும், குஞ்சுகள் தப்பிவிடும், மறுபடி போட வேண்டியிருக்கும்.